வெளிச்சுவர் பெயிண்ட்: 74,400 ரூபாய் போச்சு, நீங்களாவது ஜாக்கிரதை

வீட்டுக்கு பெயிண்ட் அடித்துக் கொடுத்த ஆப் கம்பெனிக்காரர்கள் நேற்று ராத்திரி எங்கள் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். எதுவும் தீரவில்லை. கை நடுங்குகிற கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

குரோம்பேட்டையில் அப்பா 1989-ல் கட்டிய வீடு. வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர். சன்ஷேடுக்குக் கீழே பாசி, கைப்பிடிச் சுவரில் விரிசல். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வருவதற்குள் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். அளவெடுக்க வந்த சூப்பர்வைசர் செருப்பைப் படியிலேயே கழற்றினார். சாவியால் சுவரைக் கீறி, விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை அம்மாவிடம் காட்டினார். “பழைய சுண்ணாம்பும்மா. இதை முழுசா சுரண்டாம மேல அடிச்சா பெயிண்ட் நிக்காது. எங்க ஆளுங்க சுரண்டி, கழுவி, காய வச்சு, பிரைமர்னு அடிப்பூச்சு அடிச்ச அப்புறம்தான் ரெண்டு கோட் எமல்ஷன் பெயிண்ட் அடிப்பாங்க.” அந்த ஒரு பேச்சில் விழுந்துவிட்டோம். 2,400 சதுர அடி, அடிக்கு 31 ரூபாய். முழுப் பணமும் இன்றே கட்டினால் 5 வருஷ வாரண்டி என்றார். அங்கேயே ஜிபே செய்தேன். 74,400 ரூபாய்.

ஆறு நாள் வேலையை மூன்றே நாளில் முடித்தார்கள். நான் ஆபீஸில். தெருவுக்குத் தெரிகிற முகப்பை மட்டும் சுரண்டிவிட்டு, பக்கவாட்டிலும் பின்னாலும் துடைப்பத்தால் தட்டி அப்படியே அடித்திருக்கிறார்கள். வந்தது 20 லிட்டர் பக்கெட் ஒன்றே ஒன்று. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50, 60 சதுர அடிதான் வரும். இந்தச் சுவருக்கு 40 லிட்டராவது வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்தது. பின்சுவரில் பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி தாள் தாளாக வருகிறது. உரிந்த தாளின் பின்னால் அதே வெள்ளைப் பொடி! என்ன செய்தால் நிற்காது என்று காட்டினாரோ, அதையே செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன் செய்தால், “மழை நிக்கட்டும் சார்.” அப்புறம், “போட்டோ அனுப்புங்க.” மூன்று முறை அனுப்பினேன். பார்க்க வந்தவர் கேட்டிலேயே நின்று, “சுவர்ல ஈரம் இருக்கு, வாரண்டில வராது” என்றார். பிரைமருக்கு முன்னால் ஈரம் பார்த்திருக்க வேண்டியது யார்? சூப்பர்வைசர் நம்பர் எடுப்பதில்லை, கேட்டால், “அவர் இப்ப எங்ககிட்ட இல்ல.” 74,400 ரூபாய், அப்பாவின் எல்ஐசி முதிர்வுப் பணம். அம்மா பின்வாசல் பக்கமே போவதில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். சுரண்டி முடித்ததை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிரைமர் அடிக்க விடுங்கள். சீல் உடைக்காத பக்கெட்டுகளை எண்ணிப் போட்டோ எடுங்கள். ஈரத்தால் உரிந்தாலும் வாரண்டி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். நான் இன்று காலை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது.