ஓய்வுக்குப் பிறகு நானே செய்த 8 அங்குலத் தொலைநோக்கி: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டது

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் தொடங்கிய முதல் பெரிய காரியம், கண்ணாடியைக் கையால் தேய்த்து ஒரு நியூட்டோனியன் தொலைநோக்கி (லென்ஸுக்குப் பதிலாகக் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிப்பது) செய்தது. விட்டம் 8 அங்குலம், குவியத் தூரம் ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர், அதாவது எஃப் 6 (குவியத் தூரம் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு). பல வருடங்களாக இதையேதான் பயன்படுத்துகிறேன். இதைவிடப் பெரியது வேண்டும் என்று இன்றுவரை தோன்றவில்லை.

அளவை உடம்பை வைத்துத்தான் முடிவு செய்தேன். எஃப் 6 குழாயை நேர் உச்சிக்குத் திருப்பினாலும், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் குழலில்) கண் வைக்கலாம். 12 அங்குலம், 16 அங்குலம் என்று போனால் எடை கூடும், பெரிய குழாய்க்கு ஏணியும் தேவைப்படும். இருட்டில் ஏணி ஏறுவதை அறுபது தாண்டிய யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். குழாய் தனியாக, அடிப்பெட்டி தனியாக இரண்டு நடையில் வெளியே கொண்டுவந்துவிட முடிவதால்தான் மேகம் விலகிய அரை மணி நேரத்தைக்கூட விடாமல் பார்க்கிறேன்.

கண்ணாடி தேய்க்கும் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே அளவில் இரண்டு வட்டக் கண்ணாடிகள், நடுவில் சிலிக்கன் கார்பைடு தூளும் தண்ணீரும். மேல் கண்ணாடியை முன்னும் பின்னும் தள்ளி, அவ்வப்போது இரண்டையும் திருப்பிக்கொண்டே இருந்தால் மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது குவியும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்தி நிற்கக்கூடிய வளைவு கோளம் மட்டும்தான். அதனால் கை தன்னாலேயே கோளத்தைக் கொடுத்துவிடுகிறது. என் கண்ணாடியில் நடுப்பள்ளம் 2 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அப்புறம் தூளைப் படிப்படியாக நைசாக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேசை, வாளி, கை எல்லாவற்றையும் கழுவியாக வேண்டும். பழைய தூளில் ஒரு துகள் தங்கினாலும் கீறல் விழும். கடைசியில் பிட்ச் (தார் போன்ற கெட்டிப் பிசின்) படுக்கையில் சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுத்தூள் வைத்து மெருகேற்றுவது.

நட்சத்திர ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் குவிய, வளைவு பரவளையமாக இருக்க வேண்டும். கோளத்தைப் பரவளையமாக்கும் இடத்தில்தான் பொறுமை வேண்டும். 8 அங்குலம் எஃப் 6-ல் இந்த இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. அதை அளக்க லெயோன் ஃபூக்கோ 1850களின் இறுதியில் கண்டுபிடித்த சோதனை போதும்: கண்ணாடியிலிருந்து சுமார் 2.4 மீட்டர் தள்ளி ஒரு சின்ன விளக்கு, பக்கத்தில் ஒரு பிளேடு. திரும்பி வரும் ஒளியை பிளேடால் மெல்ல வெட்டும்போது, கண்ணாடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். கட்டை விரலைக் கண்ணாடியில் சில விநாடி வைத்து எடுங்கள், அந்தச் சூட்டில் எழும்பிய மேடு அப்படியே தெரியும். அதனால் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, கண்ணாடி ஆறும்வரை வெகுநேரம் காத்திருந்துதான் சோதிக்க வேண்டும். அலுவலகம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அந்த நேரம் என்னிடம் இருந்ததில்லை. ஓய்வு எனக்குக் கொடுத்த பெரிய வசதி இதுதான்.

அலுமினியப் பூச்சை வெற்றிட அறை உள்ளவர்களிடம் கொடுத்தேன். தாங்கி, துறவியாக இருந்த ஜான் டாப்சன் பிரபலப்படுத்திய ஒட்டுப்பலகைப் பெட்டிதான். அது அசையும் இடங்களில் வைத்த டெஃப்லான் துண்டுகள் இன்னும் வழுக்கலாகவே நகர்கின்றன. பலகை ஓரங்களுக்கு மட்டும் மறுபடி வார்னிஷ் அடித்தேன். பூச்சு கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனாலும் பார்ப்பதற்குக் குறையில்லை. கொலிமேஷன், அதாவது கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்பதை, ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், பழகிவிட்டால் ஓரிரு நிமிட வேலை.

கண்ணைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. இளம் வயதில் இருட்டில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், வயதானால் பலருக்கு 5 மில்லிமீட்டரே அதிகம். ஐபீஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எஃப் 6-ல் 40 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 6.7 வரும், அதில் ஒரு பங்கு என் கண்ணுக்குள் நுழையாது. 30 மில்லிமீட்டர் சரியாக 5. அதற்கு மேல் வாங்க வேண்டாம். சிலிண்டர் பவர் உள்ளவர்கள் குறைந்த உருப்பெருக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்டபடியே பார்ப்பது நல்லது. அதற்குக் கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தும் முழுப் படம் தெரிகிற ஐபீஸாகத் தேர்ந்தெடுங்கள்.

என்ன பார்த்தேன்? திரும்பத் திரும்ப ஒன்றையே பார்த்தேன். 2017-ல் சனியின் வளையம் நன்றாக விரிந்திருந்தது. வருடா வருடம் ஒடுங்கி, 2025-ல் மெல்லிய கோடாக நின்றது. திருவாதிரை 2019 முடிவிலும் 2020 தொடக்கத்திலும் மங்கியது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதன் பிறகு இப்படி ஒளி கூடிக் குறையும் மாறொளிர் நட்சத்திரங்கள் பக்கம் முழுமையாகத் திரும்பிவிட்டேன். அவற்றில் ஒன்றான மீரா சுமார் 332 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதன் ஒளியளவைக் குறிப்பது யாருக்கும் கைவரும். 1911-ல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் நட்சத்திர நோக்கர் சங்கம் இப்படிப்பட்ட குறிப்புகளை உலகம் முழுவதிலிருந்தும் சேர்க்கிறது, ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நான் உட்கார்ந்து குறித்த ஒரு எண்ணும் அங்கே இருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

புதிதாகத் தொடங்குகிறவர் 6 அங்குலம் எஃப் 8-ல் தொடங்கலாம். அந்த அளவில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் என் கண்ணாடியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தேய்க்கத் தோள் வலிமையும் குறைவாகவே போதும்.