எஸ்/மைமா, ஓப்பன்பிஜிபியா: உங்களுக்கு யார் சாட்சி?

போன வருடம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மெயில் வந்தது. வழக்கமாகச் சரக்கு அனுப்புகிறவர் பெயரில், "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று. முகவரியில் 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒன்று' இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கணக்கு பார்க்கும் அக்கா எதற்கும் கேட்டுவிடுவோம் என்று போன் போட்டதால் பணம் தப்பியது. அன்று சாயங்காலமே முதலாளி என்னிடம், "மெயிலில் கையெழுத்துப் போட ஏதோ இருக்கிறதாமே, பார்" என்றார். பார்த்தேன். மெயிலில் கையொப்பமிடவும், மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டவும் எஸ்/மைம், ஓப்பன்பிஜிபி என்று இரண்டு முறைகள் இருந்தன, ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளாத இரண்டு.

பூட்டின் பலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஆர்எஸ்ஏ, ஏஇஎஸ் என்று இரண்டுக்குள்ளும் ஓடுவது ஏறக்குறைய ஒரே மறையாக்கக் கணக்குகள்தான். இரண்டிலும் ஆளுக்கு ஒரு ஜோடிச் சாவி: ஊருக்குக் கொடுக்கும் பொதுச் சாவி, தன்னிடமே வைத்துக்கொள்ளும் அந்தரங்கச் சாவி. வித்தியாசம் வேறு இடத்தில்: இந்தப் பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்று சொல்வது யார்? இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் அறை தேடுகிறவர் ஒன்று உரிமம் உள்ள ஏஜெண்டிடம் போவார், இல்லையென்றால் "அவர் நம்ம பையன், நம்பிக் கொடுங்க" என்று சொல்லும் தெரிந்தவரைப் பிடிப்பார். எஸ்/மைம் ஏஜெண்ட் வழி, ஓப்பன்பிஜிபி தெரிந்தவர் வழி.

எஸ்/மைம் 1990களின் நடுவில் ஆர்எஸ்ஏ நிறுவனத்திலிருந்து வந்தது. சாவி இன்னாருடையது என்று சொல்ல அது நம்புவது எக்ஸ்.509 சான்றிதழை, அதாவது இணையத் தளங்களின் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் அதே வகை. ஒரு சான்றளிப்பு நிறுவனத்திடம் காசு கட்டி வாங்கி, கணினியில் போட்டுவிட்டால் அவுட்லுக், ஆப்பிள் மெயில் இரண்டும் தனியாக எதுவும் நிறுவாமலே புரிந்துகொள்ளும். அக்காவின் திரையில் கையொப்பமிட்ட மெயிலுக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு சிவப்பு ரிப்பன் வரும், அவ்வளவுதான் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் கையொப்பமிட்டு அனுப்பும்போதே உங்கள் சான்றிதழும் கூடவே போய்விடுவதால், எதிராளி அதை வைத்து உங்களுக்குப் பூட்டிய மெயில் அனுப்பலாம், சாவி தேடி அலைய வேண்டாம்.

ஆனால் சான்றிதழுக்கு ஆயுள் உண்டு, புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு மெயில் பெட்டிக்கும் தனிச் செலவு. இன்னொரு எரிச்சலும் உண்டு. நான் வாங்கிய இடத்தில் அந்தரங்கச் சாவியையும் அவர்களே உருவாக்கி, கடவுச்சொல் போட்ட கோப்பாக அனுப்பிவைத்தார்கள். வீட்டுச் சாவியைப் பூட்டுக்கடைக்காரரே செய்து கொடுப்பது மாதிரி. அவரிடம் நகல் இல்லை என்பதற்கு அவர் வார்த்தைதான் ஆதாரம்.

பிஜிபி கதை வேறு. 1991ல் ஃபில் ஜிம்மர்மன் என்ற அமெரிக்க நிரலாளர் எழுதி இணையத்தில் விட்ட மறையாக்க மென்பொருள் அது. அன்று பலமான மறையாக்கமும் ஆயுதக் கணக்கில் இருந்ததால், ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அமெரிக்க அரசு அவரை மூன்று வருடம் விசாரித்து, 1996ல் வழக்கில்லாமலே விட்டது. அதிலிருந்து வந்த பொதுத்தரம்தான் ஓப்பன்பிஜிபி. காசு இல்லை, அலுவலகம் இல்லை, சாவியை நீங்களே உங்கள் கணினியில் உருவாக்குகிறீர்கள். தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள் 2020லிருந்து இதை உள்ளுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

சரி, சாட்சி? நீங்களே சரிபார்க்க வேண்டும். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் இதை விடாப்பிடியாகப் பயன்படுத்துகிறவன், ஒருநாள் அவன் சாவியின் 'கைரேகை'யை, அதாவது சாவியைச் சுருக்கமாக அடையாளம் காட்டும் எழுத்து வரிசையை, போனில் ஒப்பிட்டோம். நாற்பது எழுத்தும் எண்ணும், நான்கு நான்காகப் பத்துக் கட்டு. ஆங்கிலத்தில் 'பி'யும் 'டி'யும் 'ஈ'யும் போனில் ஒரே மாதிரி கேட்பதால் ஏ என்றால் அங் மோ கியோ, பி என்றால் பிடோக், சி சாங்கி, டி தோபி காட், ஈ யூனோஸ், எஃப் ஃபேரர் பார்க் என்று எங்கள் ஊர் எம்ஆர்டி ரயில் நிலையங்களாகச் சொல்லிக்கொண்டே போனேன். சிங்கப்பூரையே பார்க்காத அவனுக்கு ஏழாவது கட்டில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை, மறுபடி முதலிலிருந்து. இதை எங்கள் அக்காவிடமும் ஐம்பது வாடிக்கையாளரிடமும் செய்யச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

தெரிந்தவர்கள் ஒருவர் சாவிக்கு ஒருவர் கையொப்பமிட்டால் நம்பிக்கை வலைபோலப் பரவும் என்பது பழைய கனவு. 2019ல் யாரோ விஷமிகள் ஓப்பன்பிஜிபி உலகின் முக்கியமான இருவரின் சாவிகளில் குப்பைக் கையொப்பங்களை மூட்டை மூட்டையாகக் கொட்ட, அந்தச் சாவியை இறக்கியவர்களின் மென்பொருளே திணறிப்போனது. பொதுச் சாவிகளைப் போட்டுவைக்கும் பழைய இணையக் கிடங்குகள் எதையும் சேர்க்கும், எதையும் அழிக்காது, அதுதான் வினை. அதற்குமேல் வீட்டுச் சண்டை வேறு: 2024ல் ஆர்எஃப்சி 9580 என்று பொதுத்தரத்தின் புதிய பதிப்பு வந்தது, அதிகம் புழங்கும் ஜிஎன்யுபிஜி மென்பொருள் அதை ஏற்காமல் லிப்ரேபிஜிபி என்று தனி வழி போய்விட்டது.

பாதுகாப்பில் யார் மேல் என்று கேட்டால், 2018 மே மாதம் வெளிவந்த ஈஃபெயில் என்ற தாக்குதல் முறை இரண்டையும் சேர்த்தே அடித்தது. உங்கள் பழைய பூட்டிய மெயில் ஒருவன் கையில் கிடைத்தால், அதைச் சுற்றி ஒரு படத்தின் முகவரியைச் சேர்த்து உங்களுக்கே திருப்பி அனுப்புவான். உங்கள் மென்பொருள் பூட்டைத் திறந்து, படத்தை எடுக்கப் போகிற சாக்கில் திறந்த எழுத்தை அவனிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். நடுவில் மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கும் வசதி ஓப்பன்பிஜிபியில் ஏற்கெனவே இருந்தது, சில மென்பொருள்கள்தான் அதன் எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எஸ்/மைமில் அன்று புழங்கிய முறையில் அதுவும் இல்லை. 2019ல் வந்த 4.0 பதிப்புதான் அதற்கு வழி சொன்னது. இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு ஓப்பன்பிஜிபிக்கு.

இரண்டிலும் தலைப்பு வரி வழக்கமாகப் பூட்டப்படாமலே போகும், ஆகவே "சம்பளக் குறைப்பு" என்று தலைப்பிட்டு உள்ளே பூட்டிப் பயனில்லை. அந்தரங்கச் சாவி என்றைக்காவது களவு போனால் அன்றுவரை வந்த பூட்டிய மெயில் எல்லாமே திறந்துகொள்ளும். அந்தரங்கப் பேச்சுக்குத்தான் என்றால் சிக்னல் செயலி போதும், அங்கே சாவி ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றால் இங்கே அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் வழியே போடலாம், 2010ன் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டமும் பின்னால் இருக்கிறது. மெயிலுக்கு மட்டும்தான் இந்த இரண்டுக்கும் நடுவே தேர்வு.

அலுவலகத்துக்கு எஸ்/மைம் வாங்கினோம், பணம் சம்பந்தமான மெயில்களில் கையொப்பம் மட்டும், பூட்டு இல்லை. காரணம் சோம்பேறித்தனம் அல்ல. கணினி மாற்றும்போது பழைய சாவியை எடுத்துவைக்க மறந்தால் மூன்று வருட மெயிலும் எஸ்மைம்.பி7எம் என்ற திறக்காத இணைப்பாகத்தான் நிற்கும், அந்தப் பழியை ஏற்க நான் தயாரில்லை. சித்தப்பா மகனோடு மட்டும் ஓப்பன்பிஜிபி. கணக்கு எண் மாறியது என்று மெயில் வந்தால், ரிப்பன் இருந்தாலும் அக்கா இன்னும் போனை எடுக்கத்தான் செய்கிறார், நானும் தடுப்பதில்லை.