கேட்கிறது, புரியவில்லை: காது மந்தமான அம்மாவோடு நான்கு ஆண்டு வீடியோ கால்

அம்மாவுக்குக் காது மந்தம். அடிக்குரல் ஒலிகள் கேட்டுவிடும். ச, ஸ, ஷ மாதிரி கூர்மையான உரசல் ஒலிகள் நழுவிவிடும். நேரில் பேசினால் உதட்டைப் பார்த்து மீதியைப் பிடித்துக்கொள்வார். நான் வேறு ஊரில் இருப்பதால் நான்கு ஆண்டுகளாக எங்கள் பேச்செல்லாம் மொபைல் போன் வழியாகத்தான். ஆரம்பத்தில் அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: "நீ பேசறது கேக்குதும்மா, என்ன சொல்றேன்னுதான் புரியல." வால்யூமைக் கூட்டச் சொன்னேன், கத்திப் பேசினேன். அவருக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

சாதாரணக் காலில் இருந்தே தொடங்குகிறேன். பழைய வகைத் தொலைபேசிக் குரல் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். உரசல் ஒலிகளின் வலுவோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. காது ஏற்கெனவே தவறவிடும் பகுதியைப் போனும் சேர்ந்து வெட்டினால் என்ன மிஞ்சும்? நான் ‘ஊசி’ என்றால் அவருக்கு ‘ஊதி’. அவருடைய போன் செட்டிங்ஸைப் பார்த்தபோது, குரலையும் 4ஜி வழியாகவே கடத்தும் வோல்டிஇ வசதி அணைந்து கிடந்தது. கால் வரும் ஒவ்வொரு முறையும் போன் 4ஜியை விட்டுப் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கி, அந்தக் குறுகிய குரலில்தான் பேசியிருக்கிறது. வோல்டிஇ காலில் வழக்கமாக வரும் ஏஎம்ஆர்-டபிள்யூபி கோடெக் (குரலைச் சுருக்கி அனுப்பும் முறை) 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவரும். அதற்கு வினாடிக்கு 12.65 கிலோபிட் போதும் என்பதை அறிந்தபோது, இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் விட்டோமே என்று வருத்தமாக இருந்தது. ஆனால் இரண்டு போன்களும், நடுவில் இருக்கும் நெட்வொர்க்குகளும் அதை ஏற்க வேண்டும். ஒரு கண்ணி விட்டாலும் குரல் மறுபடி சுருங்கிவிடும்.

வோல்டிஇ போட்ட பிறகும் முதல் வாரம் பெரிய மாற்றம் தெரியவில்லை. காரணம் அம்மாவின் ப்ளூடூத் ஹெட்செட். பாட்டு கேட்கும்போது அது நன்றாகத்தான் ஒலிக்கும். கால் வந்து மைக் திறந்ததும் ப்ளூடூத் வேறு முறைக்கு மாறும். பழைய ஹெட்செட்களில் அது குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து அனுப்பும் முறை, அதாவது அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. நெட்வொர்க் கொண்டுவந்து சேர்த்ததைக் கடைசி ஒரு மீட்டரில் தொலைத்துக்கொண்டிருந்தோம். வயர் ஹெட்செட் மாட்டிய அன்று அம்மா என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னது இரண்டே முறை.

வீடியோவுக்கு வந்தால், என் பெரிய தவறு ஸ்பீடு டெஸ்டை நம்பியது. டவுன்லோடு வேகம் பிரமாதமாக வரும். அடுத்த நிமிடமே காலில் என் முகம் உறைந்து நிற்கும். இத்தனைக்கும் இருவர் பேசும் வீடியோ காலுக்கு வினாடிக்கு ஒன்றிரண்டு மெகாபிட் இருந்தாலே தாராளம். அதற்கு முக்கியம் பாக்கெட்டுகள், அதாவது குரலையும் படத்தையும் சுமந்து வரும் சின்னச் சின்ன டேட்டாத் துண்டுகள், ஒழுங்கான இடைவெளியில் வந்து சேர்வது. குரல் பெரும்பாலும் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்டாகக் கிளம்புகிறது. ஒன்று தொலைந்தால் ஆப் அதை ஒப்பேற்றிவிடும், காதுக்குத் தெரியாது. தொடர்ந்து பத்து தொலைந்தால் ஒரு சொல்லே போய்விடும். தாமதம் ஏறி இறங்கினால், அதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள், ஆப் பாக்கெட்டுகளைச் சற்று நேரம் தேக்கி வைத்துச் சமன்படுத்துகிறது. அப்படித் தேக்குவதே பேச்சைத் தாமதமாக்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டப் போக, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவோம். அம்மா கையை உயர்த்தினால் அவர் பேசப்போகிறார் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இன்றும் அது தொடர்கிறது.

என் பக்கம் சிக்கல் எங்கே என்று தேடியதில் அகப்பட்டது போட்டோ பேக்கப். சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனை சார்ஜில் போட்டதும் அது தானாகத் தொடங்கும். அதே நேரத்தில்தான் நான் அம்மாவைக் கூப்பிடுவேன். மொபைல் டேட்டாவில் மேலே போகும் (அப்லோடு) பாதை குறுகலானது. அதில் பெரிய படங்கள் வரிசை கட்டினால், என் குரல் பாக்கெட்டும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். பேக்கப்பை இரவு இரண்டு மணிக்கு மாற்றினேன். நான்கு ஆண்டுகளில் நான் செய்தவற்றில் இவ்வளவு சுலபமாக இவ்வளவு பலன் தந்தது வேறில்லை.

ஆபரேட்டரின் வோல்டிஇ காலுக்கு இந்த நெரிசல் அவ்வளவாகத் தட்டாது. 4ஜியில் குரலுக்குத் தனித்தடம் ஒதுக்கி, 100 மில்லிசெகண்ட் தாமத வரம்போடு முன்னுரிமை தருகிறார்கள். வாட்ஸ்அப் மாதிரி ஆப்களின் கால் மற்ற டேட்டாவோடு கலந்தே போகும். ஆனால் நெட்வொர்க் நன்றாக இருக்கும்போது ஆப் காலில்தான் அம்மாவுக்கு என் பேச்சு அதிகம் புரிகிறது. பல ஆப்கள் பயன்படுத்தும் ஓபஸ் கோடெக் 2012இல் தரப்படுத்தப்பட்டது; 20,000 ஹெர்ட்ஸ் வரைகூட அதனால் கொண்டுவர முடியும். அதனால் பகலில் ஆப், நெரிசல் மிகுந்த முன்னிரவில் சாதாரணக் கால் என்று பிரித்துக்கொண்டேன்.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்று ஒருமுறை முயன்றேன். டேப்லெட்டில் வீடியோ, மியூட் செய்து. போனில் வோல்டிஇ குரல். குரல் பளிங்கு மாதிரி இருந்தது. அம்மா இரண்டே நிமிடத்தில், "உன் வாய் ஒண்ணு சொல்லுது, காதுல ஒண்ணு விழுது" என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒலி படத்தைவிட 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிட முடியும் என்பது ஒளிபரப்புத் துறையில் தெரிந்த கணக்கு. பிந்தினால் 125 வரை உறுத்தாது. என் குரல் படத்தை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. உதட்டை நம்பிக் கேட்பவருக்கு இது எவ்வளவு பெரிய தடை என்று அன்றுதான் உணர்ந்தேன்.

உதடு படிக்க, படம் பெரிதாக இருப்பதைவிட விடாமல் ஓடுவதுதான் வேண்டும். ஆப்பில் உயர்தர வீடியோவை அணைத்தேன். அதைவிட உதவியது ஒரு மேசை விளக்கு. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிக நேரம் எடுத்துக்கொண்டு, நொடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். படத்தில் ஏறும் புள்ளிகளைச் சுருக்கி அனுப்பவும் கூடுதல் டேட்டா வேண்டும். விளக்கை எனக்கு முன்னால் வைத்து, பின்னால் வெற்றுச் சுவர் வரும்படி உட்கார்ந்தால், அதே நெட்வொர்க்கில் என் உதடு தெளிவாக அசைகிறது. வீடியோ கால் சரியில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது வெளிச்சம் எந்தப் பக்கம் என்றுதான்.

சிக்னல் கோடுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவை டவரிலிருந்து நமக்கு வருவதைத்தான் காட்டும். டவர் பல வாட் ஆற்றலில் அனுப்புகிறது; 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் அளவில். ஆகவே அம்மா பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டாலும் நான் பேசுவது அங்கே உடைந்து போகலாம். ஆண்ட்ராய்டில் சிம் நிலை என்ற பக்கத்தில் டிபிஎம் கணக்கில் சிக்னல் வலிமை தெரியும்; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. அதை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். நான் வழக்கமாக உட்காரும் மூலையில் -117, ஜன்னலோரம் -97. இருபது டெசிபல் என்றால் நூறு மடங்கு. ஐந்தடி தள்ளி நாற்காலியைப் போட்டதற்குக் கிடைத்தது அது.

5ஜி பற்றிக் கலவையான அனுபவம். என் வீட்டில் 5ஜி விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது. போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே தாவும் ஒவ்வொரு முறையும் படம் தடுமாறும். கால் நேரத்தில் 4ஜியில் நிறுத்திவைத்தால் சீராக இருக்கிறது. 5ஜி நிலையாகக் கிடைக்கும் இடத்தில் இதைச் செய்யத் தேவையே இல்லை.

அம்மா வீட்டு உள்ளறையில் சிக்னல் மோசம். அங்கே டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகக் கால் போகும் வைஃபை காலிங் கைகொடுத்தது, ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு மாற்றியதும் இரைச்சல் குறைந்தது. பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்தால் மட்டும் வைஃபையிலிருந்து வோல்டிஇக்கு மாறும் நொடியில் சில நாள் கால் அறுந்துபோகும். சிக்னலைக் கூட்டும் ஸ்டிக்கர், வேகத்தைக் கூட்டும் ஆப் இரண்டும் வீண். யாரும் பணம் செலவழிக்காதீர்கள். அனுமதியில்லாத பூஸ்டர் கருவிகள் அக்கம்பக்கத்தாரின் சிக்னலையும் கெடுக்கும்.

இன்னும் தீராதது பயணம். ரயிலில் போகும்போது போன் டவருக்கு டவர் மாறிக்கொண்டே இருக்கும். எந்த செட்டிங்ஸும் உதவவில்லை. அந்த நாள்களில் அம்மாவே வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். நான் டைப் செய்து அனுப்புகிறேன், அவர் வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்கிறார்.