ஐ.ஆர்.எஸ். அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்ட்: திவால் வழக்குக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்காவில் வரி பாக்கியோடு திவால் மனு போடப் போகிறவர்கள், வக்கீலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியது ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித் துறை) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது ஒரு வருட வரிக் கணக்கில் நடந்தவற்றைத் தேதியோடு காட்டும் பட்டியல். எந்த வருட வரி தள்ளுபடியாகும், எது வழக்கு முடிந்த பிறகும் விடாமல் துரத்தும் என்பதை முடிவு செய்யும் தேதிகளில் பெரும்பாலானவை அதில் இருக்கின்றன. பிறகு ஐ.ஆர்.எஸ். நீதிமன்றத்தில் கிளைம் (இவ்வளவு பாக்கி என்ற கோரிக்கை) போடும்போது, அது சரிதானா என்று வரிக்கு வரி ஒத்துப் பார்க்கவும் இதுவே ஆதாரம். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். குறைந்த ஒரு மதிப்பெண்ணுக்குக் காரணம் கீழே வருகிறது.

எடுப்பது சுலபம். ஐடி.மீ என்ற ஆன்லைன் சேவை வழியாக அடையாளத்தைச் சரிபார்த்து உள்ளே போனால் நடப்பு ஆண்டுக்கும் முந்தைய 9 ஆண்டுகளுக்கும் பிடிஎஃப் கிடைக்கும். பலர் 'ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட்' எடுத்துவிட்டு வருகிறார்கள். அதில் ரிட்டர்னில் எழுதிய எண்கள்தான் இருக்கும், அதற்குப் பிறகு கணக்கில் நடந்தது எதுவும் இருக்காது. வேண்டியது 'அக்கவுண்ட்' வகை. சொந்தமாகக் கம்பெனி நடத்தி, ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் விட்டவர்கள் 'சிவில் பெனால்டி' பக்கத்தையும் தனியாக எடுக்க வேண்டும். அந்தத் தொகை எத்தனை வருடம் பழையதானாலும் திவாலில் கரையாது.

இனி வாசிப்பது. வருமான வரி தள்ளுபடியாக மூன்று கணக்குகள் ஒரே நேரத்தில் தேற வேண்டும்: ரிட்டர்னுக்கான கெடு தேதி (எக்ஸ்டென்ஷன் வாங்கியிருந்தால் அந்தத் தேதி) மனுவுக்கு 3 வருடத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், தாமதமாகப் போட்ட ரிட்டர்ன் என்றால் போட்டு 2 வருடம் தாண்டியிருக்க வேண்டும், வரி விதிக்கப்பட்டு 240 நாள் கடந்திருக்க வேண்டும். மோசடியோ வேண்டுமென்றே ஏய்ப்போ இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் காப்பாற்றாது.

டிரான்ஸ்கிரிப்டில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும், அதுதான் கோடு. கோடு 460 இருந்தால் எக்ஸ்டென்ஷன் வாங்கியிருக்கிறார் என்று பொருள். 2022 வருமானத்துக்கான ரிட்டர்னின் கெடு 2023 ஏப்ரல் 18. எக்ஸ்டென்ஷனோடு அக்டோபர் 16. அந்த ஒரு பதிவைக் கவனிக்காமல் 2026 மே மாதம் மனு போட்டால், அக்டோபர் வரை பொறுத்திருந்தால் கரைந்திருக்கக்கூடிய வரி முழுவதும் முன்னுரிமைக் கடனாகிவிடும், அதாவது தள்ளுபடியாகாது. பிறகு எத்தனை மாதம் கழித்து வழக்கு முடிந்தாலும் அது மாறாது, ஏனென்றால் எண்ணுவது மனு போட்ட நாளிலிருந்து. கோவிட் காலத்தில் கெடுவே தள்ளிப்போனது. 2019 ரிட்டர்னுக்கு 2020 ஜூலை 15, 2020 ரிட்டர்னுக்கு 2021 மே 17. பழைய வருடங்களை எண்ணும்போது ஏப்ரல் 15 என்று மனக்கணக்கு போடாதீர்கள்.

கோடு 150 என்பது ரிட்டர்ன் ஏறி வரி விதிக்கப்பட்டதைக் காட்டும் பதிவு. பிறகு ஆடிட்டில் கூடுதலாக விதித்தால் 290 அல்லது 300 வரும். அந்தக் கூடுதல் தொகைக்கு 240 நாள் புதிதாக ஓடத் தொடங்கும். 290 எதிரில் 2025 மார்ச் 3 என்றிருந்தால் 240-வது நாள் அக்டோபர் 29. அதே நாளில் ஓடிப் போய் மனு போட வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப் போடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கோடு 480 (சமரசத் தொகை விண்ணப்பம், அதாவது பாக்கியைவிடக் குறைந்த தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளக் கேட்பது) இருந்தால் அது நிலுவையில் இருந்த நாட்களும் மேற்கொண்டு 30 நாளும் இந்த 240-இல் சேரும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் கோடு 520. 'திவால் அல்லது பிற சட்ட நடவடிக்கை' என்று மட்டும்தான் டிரான்ஸ்கிரிப்ட் சொல்லும். முன்பு போட்ட திவால் வழக்காகவும் இருக்கலாம், வசூலை எதிர்த்துக் கேட்ட அப்பீல் விசாரணையாகவும் இருக்கலாம். எதுவானாலும் 3 வருடக் கணக்கும் 240 நாள் கணக்கும் அந்தக் காலத்தில் நின்று, கூடவே 90 நாளும் சேரும். எது என்று ஃபோன் செய்துதான் உறுதி செய்ய முடிகிறது. குறைத்த மதிப்பெண் இதற்காகத்தான்: முடிவையே மாற்றக்கூடிய விவரம், தாளில் பாதிதான் இருக்கிறது.

150 எதிரே 'ஐ.ஆர்.எஸ். தயாரித்த மாற்று ரிட்டர்ன்' என்ற பொருளில் வாசகம் இருந்தால் அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். அது உங்கள் ரிட்டர்ன் ஆகாது. பிறகு நீங்களே ஒன்று போட்டாலும், அதற்கு முன் விதித்த தொகை தள்ளுபடியாகாது என்பதே ஐ.ஆர்.எஸ். நிலைப்பாடு. முதலாம், ஐந்தாம், பத்தாம் சர்க்யூட்களில் (மத்திய அப்பீல் நீதிமன்ற வட்டாரங்கள்) இன்னும் கடுமை: ஒரு நாள் தாமதமாகப் போட்ட ரிட்டர்னையே ரிட்டர்னாக எண்ணாத தீர்ப்புகள் உண்டு. டெக்சாஸில், மாசசூசெட்ஸில், கொலராடோவில் இருப்பவர்கள் 2 வருட விதியை நம்பித் திட்டம் போடுவதற்கு முன் இதை வக்கீலிடம் கேட்டே தீர வேண்டும்.

மனு போட்ட பிறகு வருவது படிவம் 410, அதாவது கிளைம். சாதாரணமாகக் கடன் கொடுத்தவருக்கு 70 நாள் கெடு என்றால் அரசாங்கத்துக்கு 180 நாள். சாப்டர் 13 (தவணைத் திட்டப்படி கடனைக் கட்டும் திவால் வகை) திட்டம் அதற்குள் உறுதியாகியிருக்கலாம், எனவே கிளைம் வரவில்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. இணைப்பில் மூன்று அட்டவணைகள் இருக்கும்: லீன் (சொத்தின் மீது வைத்த கடன் உரிமை) பிடித்தது, முன்னுரிமை, பொது. ஒவ்வொரு வருடத்தையும் டிரான்ஸ்கிரிப்ட் பக்கத்தில் வைத்து, விதித்த தேதி ஒத்துப்போகிறதா, சரியான அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாப்டர் 13-இல் முன்னுரிமைத் தொகையை முழுவதும் கட்ட வேண்டும், பொதுத் தொகைக்குச் சில சமயம் டாலருக்கு சில சென்ட்தான். ஒரு வருடம் அட்டவணை மாறி விழுந்தால் மாதத் தவணையே மாறிவிடும்.

கிளைமில் 'மதிப்பீடு' என்ற குறிப்போடு பெரிய தொகை இருந்தால், பெரும்பாலும் அந்த வருட ரிட்டர்ன் போடவில்லை என்று பொருள். உடனே ஆட்சேப மனுவுக்கு ஓட வேண்டாம். ரிட்டர்னைத் தயார் செய்து, கையெழுத்திட்டு, கிளைமில் பெயர் உள்ள அதிகாரிக்கே அனுப்புங்கள். வழக்கமான சர்வீஸ் சென்டருக்கு மட்டும் அனுப்பினால் திவால் பிரிவின் மேசைக்கு வர நெடுநாள் ஆகும். தொகை சரியாக இருந்தால் அவர்களே திருத்திய கிளைம் போடுவார்கள். சாப்டர் 13-இல் கடந்த 4 வருட ரிட்டர்ன்களும் கடன் கொடுத்தவர்களின் முதல் கூட்டத்துக்கு முந்தைய நாளுக்குள் போட்டிருக்க வேண்டும்.

உண்மையான தகராறு என்றால் ஆட்சேபம். 30 நாள் நோட்டீஸ் வேண்டும். கிளைமில் உள்ள முகவரிக்கு மட்டும் அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. அந்த மாவட்டத்து யு.எஸ். அட்டர்னிக்கும் (மத்திய அரசின் வக்கீல்) வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரலுக்கும் பிரதி போக வேண்டும். இதில் ஒன்றை விட்டால், வாதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், திருப்பி அனுப்ப நீதிபதிக்கு அதுவே போதும். தொகை தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு, வரிச் சட்டப்படி யாரிடம் இருந்ததோ அவரிடமே இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் ராலே வழக்கில் சொல்லிவிட்டது. எனவே பேங்க் ஸ்டேட்மென்ட், ரசீதுகள் கையில் இல்லாமல் இறங்க வேண்டாம்.

டிரான்ஸ்கிரிப்ட் காட்டாதவை இன்னும் இரண்டு. மாநில வரி இதில் வராது. கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் கணக்கைத் தனியாக எடுக்க வேண்டும். அடுத்தது லீன். கோடு 582 லீன் இருக்கிறது என்று சொல்லும், எந்தக் கவுண்டியில் பதிவானது என்று சொல்லாது. பதிவான லீன் டிஸ்சார்ஜுக்கு (நீதிமன்றம் கடனைத் தள்ளுபடி செய்யும் உத்தரவு) பிறகும் மனு நாளில் இருந்த சொத்தின் மீது நிற்கும், வீட்டை விற்கும்போது டைட்டில் கம்பெனியின் (சொத்துரிமையைச் சரிபார்க்கும் நிறுவனம்) தேடலில் கண்டிப்பாக வரும்.

சந்தேகங்களுக்கு ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மையத் திவால் பிரிவை 800-973-0424 எண்ணில் கூப்பிடலாம். பொது உதவி எண்ணில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை. வழக்கு எண்ணையும், 520 எதிரே உள்ள தேதியையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகிச் சில மாதம் கழித்து அதே வருடங்களை மறுபடியும் டவுன்லோடு செய்து பாருங்கள். கரைந்திருக்க வேண்டிய வருடத்தில் இன்னும் பாக்கி தெரிந்தால், டிஸ்சார்ஜ் உத்தரவின் பிரதியோடும் மனுவுக்கு முன் எடுத்த பழைய டிரான்ஸ்கிரிப்டோடும் அந்தப் பிரிவுக்கே எழுத வேண்டும்.