மூன்று புது சர்வர், மூன்றிலும் சோதனைப் பதிப்பு: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

முதலில் நின்றது லாகின் சர்வர். காலை பத்து மணி வாக்கில் யாராலும் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியவில்லை. சர்வர் அறைக்குப் போய்ப் பார்த்தால் மெஷின் அணைந்து கிடக்கிறது. கரண்ட் இருக்கிறது, யுபிஎஸ் நன்றாக இருக்கிறது. பட்டனை அழுத்தினேன், வந்துவிட்டது. ஏதோ ஒருமுறை என்று விட்டுவிட்டேன். பதினொன்று தாண்டியதும் மறுபடி அணைந்தது. மதியத்துக்குள் கணக்கு சர்வரும் சேர்ந்துகொண்டது. பாதி பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். மாலை வரை மணிக்கு ஒருமுறை அந்த அறைக்கு ஓடினேன்.

அந்த மூன்று சர்வர்களுக்கும் அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அதற்கு முன் எங்கள் அலுவலகத்தில் எல்லாமே ஒரே சர்வரில்தான் ஓடின. லாகின், டிஎன்எஸ் (மெஷின் பெயரை அதன் முகவரியாக மாற்றித் தருவது), ஃபைல் ஷேர், பிரிண்டர், கணக்கு டேட்டாபேஸ், இரவு பேக்கப், எல்லாம். மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் எடுத்தால் ஃபைல் திறக்காது. வேலையைப் பிரித்துவிடலாம் என்று ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். லாகினுக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று மூன்று மெஷின் சொன்னார்கள். யோசனையில் தப்பே இல்லை, இன்றும் அதையேதான் சொல்வேன். உரிமங்களும் சேர்த்துத்தான் விலை என்று கொட்டேஷனில் எழுதியிருந்தது. ஒரு சனி, ஞாயிறில் மாற்றிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை எல்லாம் ஓடியது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

இப்போது அணைகிறது என்று போன் செய்ததும் அவர்கள் எஞ்சினியர் ரிமோட்டில் வந்தார். அட்மின் பாஸ்வேர்டு அவர்களிடம்தான் இருந்தது. “பாதுகாப்புக்காக நாங்களே வைத்திருக்கிறோம் சார்” என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். ஏதோ ஒரு கட்டளையைக் கொடுத்தார், ரீஸ்டார்ட் செய்தார், மறுபடி லாகின் செய்து பார்த்தார். “அப்டேட் பிரச்சினை சார், சரி பண்ணிட்டேன்” என்றார். போனை வைத்தவர் டெஸ்க்டாப்பைப் பூட்டாமல் போய்விட்டார். சர்வர் அறையில் இருந்த மானிட்டரில் அந்தத் திரை அப்படியே நின்றது. வலது கீழ் மூலையில் சின்ன எழுத்தில் இரண்டு வரி: ஸ்டாண்டர்டு ஈவேல்யூவேஷன் (அதாவது சோதனைப் பதிப்பு), உரிமம் இன்னும் 180 நாட்களுக்குச் செல்லும்.

எனக்குக் கை நடுங்கியது. மெஷினில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து அன்றைய பதிவுகளைத் தேடினேன். ஒவ்வொரு முறை அணைந்தபோதும் 1074 என்ற எண்ணோடு ஒரு பதிவு. அணைத்தது டபிள்யூஎல்எம்எஸ், அதாவது விண்டோஸின் உரிமக் கண்காணிப்பு சர்வீஸ். காரணம்: இந்த விண்டோஸின் உரிமக் காலம் முடிந்துவிட்டது.

விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழகிப் பார்ப்பதற்காக 180 நாள் கொடுக்கிறார்கள். அலுவலக வேலைக்கு அதை ஓட்ட அனுமதி கிடையாது. நாள் முடிந்தால் மணிக்கு ஒருமுறை தானாக அணையும். அந்த நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ண வைக்க ஒரு கட்டளை இருக்கிறது. அன்று அவர் ‘சரி பண்ணியது’ அதைத்தான். உரிமத்துக்கு நாங்கள் கொடுத்த பணம் உரிமத்துக்குப் போகவே இல்லை. மூன்று மெஷினும் ஒரே வார இறுதியில் நிறுவப்பட்டவை. ஃபைல் சர்வரின் கெடு அடுத்த நாள் முடிந்தது, அதுவும் அணைந்தது.

இதை விடப் பெரியது டேட்டாபேஸ் சர்வரில் இருந்தது. கொட்டேஷனில் இருந்தது எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ஸ்டாண்டர்டு, அதாவது காசு கொடுத்து வாங்கும் பதிப்பு. உள்ளே இருந்தது இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. அந்த மெஷினில் 64 ஜிபி ரேம் இருந்தும் ரிப்போர்ட் ஏன் பழையபடியே நகர்ந்தது என்று அப்போதுதான் புரிந்தது. எக்ஸ்பிரஸ் தன் பஃபருக்கு, அதாவது டேட்டாவை ரேமில் வைத்திருக்கும் இடத்துக்கு, 1,410 எம்பிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. மீதி ரேம் சும்மா கிடந்தது. மூன்றாம் மாதமே மெதுவாக இருக்கிறது என்று புகார் சொன்னோம். நெட்வொர்க்தான் காரணம் என்று சொல்லி எங்களுக்கு ஒரு புது ஸ்விட்ச்சையும் விற்றார்கள். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஒரு டேட்டாபேஸின் அளவுக்கும் வரம்பு உண்டு, 2022 பதிப்பு வரை 10 ஜிபி. எங்களுடையது ஒன்பதைத் தாண்டியிருந்தது. இன்னும் சில மாதம் போயிருந்தால் ஒரு பில்லைக்கூட ஏற்றியிருக்க முடியாது.

அப்புறம் பேக்கப். பழைய சர்வரில் இரவு பேக்கப்பை எடுத்தது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் எஸ்கியூஎல் ஏஜென்ட். எக்ஸ்பிரஸில் அந்த ஏஜென்ட்டே கிடையாது. பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். கடைசி ஃபைலின் தேதி, மெஷின் மாற்றிய அந்தச் சனிக்கிழமை. ஆறு மாதக் கணக்கு ஒரு பிரதி கூட இல்லாமல் இருந்திருக்கிறது. இடையில் ஒரு டிஸ்க் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. டிஸ்க் என்றதும் அதையும் பார்த்தேன். ஃபைல் சர்வரின் இரண்டு டிஸ்க்குகளில் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைப்பது) காட்டிய ஓடிய நேரம் 21,000 மணிக்கு மேல். வருடத்துக்கு 8,760 மணி நேரம்தான். ஆறு மாதம் முன் ‘புதிது’ என்று வாங்கிய டிஸ்க் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

சரிசெய்வதும் லேசாக இல்லை. ஃபைல் சர்வருக்கு உரிமம் வாங்கி, விண்டோஸின் டிஐஎஸ்எம் கட்டளையில் புது கீயை (உரிம எண்ணை) கொடுத்ததும் முழுப் பதிப்பாகிவிட்டது. லாகின் சர்வர் டொமைன் கன்ட்ரோலர், அதாவது எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் மெஷின். அதை அப்படி மாற்ற விண்டோஸ் விடாது. பழைய சர்வரை “நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்று அவர்கள் கேட்டபோது கொடுக்காமல் வைத்திருந்தோம், அது காப்பாற்றியது. அதை இன்னொரு டொமைன் கன்ட்ரோலராக்கி, பொறுப்புகளை அதற்கு மாற்றி, புதியதை அந்த வேலையிலிருந்து இறக்கி, பதிப்பை மாற்றி, மறுபடி ஏற்றினோம். இரண்டு இரவு போனது. எஸ்கியூஎல்லை அதன் செட்டப்பிலேயே ஸ்டாண்டர்டு கீயைக் கொடுத்து உயர்த்த முடிந்தது.

உங்கள் அலுவலகத்திலும் சர்வரைப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். ‘எஸ்எல்எம்ஜிஆர்’ என்ற விண்டோஸ் கட்டளையோடு ‘டிஎல்வி’ சேர்த்துக் கொடுத்தால் எந்தப் பதிப்பு, எத்தனை நாள் பாக்கி என்று அதே நிமிடம் தெரியும். டேட்டாபேஸில் பதிப்பு என்ன என்று ஒரு வரி கேட்டால் எக்ஸ்பிரஸா ஸ்டாண்டர்டா என்று சொல்லிவிடும். பேக்கப் எடுக்கிறோம் என்று சொன்னால் நேற்றைய ஃபைலை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள். அது இல்லாமலே எல்லாம் ஓடுகிறதா என்று பழைய சர்வரை ஒரு முழு வேலைநாள் அணைத்து வைத்துப் பாருங்கள், ஆனால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உரிமம் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்பதை ஆவணமாகவே கேளுங்கள். நாங்கள் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

அந்த நிறுவனத்துக்கு ஈவென்ட் பதிவுகளின் படங்களோடு கடிதம் எழுதினோம். இரண்டு டிஸ்க்கை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். உரிமப் பணத்துக்கு இன்று வரை பதில் இல்லை. அந்த உரிமங்களை மறுபடி நாங்களே வாங்கினோம்.