பெயின்ட் அடித்த போர்க்கைக் கையில் வாங்காதீர்கள்

போன மாதம் மட்டக்குளியில் எங்கள் யார்டில் வேலை செய்யும் தம்பி ஒருவனின் கால் போயிருக்கும். ஒரு சாண் இடைவெளியில் தப்பினான். சின்ன டிராக்டரின் லோடருக்குப் போர்க் (பாரத்துக்குக் கீழே நுழைத்துத் தூக்குகிற எல் வடிவ இரும்புக் கை) செய்விக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள்.

நானும் மச்சானும் சீமெந்தும் கொங்கிறீட் கல்லும் விற்கிறோம். ஜப்பானிலிருந்து வந்த பழைய குபோட்டா டிராக்டர் ஒன்று இருக்கிறது, முன்னுக்கு லோடர் பூட்டியது. பக்கெட்டால் மணல் அள்ளலாம், பலட் (சாமான் அடுக்கும் மரத் தட்டு) தூக்க முடியாது. புதுப் போர்க் செட் வாங்க எங்களுக்கு வசதி இல்லாததால் நாங்களே அளவெடுத்துச் செய்விக்க முடிவு செய்தோம். அந்த முடிவு பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. பக்கெட் பூட்டும் பின்களுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சட்டம், அதில் மேலும் கீழும் இரண்டு குறுக்குப் பட்டைகள், அவற்றில் போர்க்லிப்டிலிருந்து கழற்றிய பழைய போர்க் இரண்டைக் கொளுவினால் சரி. 1 டொன் முதல் 2.5 டொன் வரையான போர்க்லிப்டுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 2328 என்ற சர்வதேசத் தரத்தில் இரண்டாம் வகுப்பு என்று ஓர் அளவு இருக்கிறது. மேல் பட்டையின் மேல் விளிம்பிலிருந்து கீழ்ப் பட்டையின் கீழ் விளிம்பு வரை 407 மில்லிமீற்றர். இதையெல்லாம் கட்டக் கொப்பியில் வரைந்து எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பஞ்சிகாவத்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிற வெல்டிங் கடை. பேர் சொல்லவில்லை. கடைக்காரர் வயதில் மூத்தவர், அன்பாகப் பேசினார். "தம்பி, போர்க் நீங்க தேட வேணாம். என்னட்ட அசல் ஜப்பான் போர்க் ஒரு சோடி கிடக்கு. அதையே போட்டுத் தாறன்" என்றார். எல்லாம் சேர்த்து 140,000 ரூபா, முற்பணம் 80,000. பில் கேட்டேன். வேலை முடியட்டும் என்றார். மூன்று நாள் என்றது மூன்று கிழமை ஆனது. அது பரவாயில்லை.

பரவாயில்லை என்று விடக்கூடாத இடம் அடுத்தது. பெயின்ட் அடிக்க முன்னம் ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். போன நேரம் எல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. "மழைக்கு முதல் அடிச்சாத்தான் துருப் பிடிக்காது" என்றார். நம்பி மீதிக் காசையும் கொடுத்துவிட்டு லொறியில் ஏற்றி வந்தேன். பில்லையும் மறந்துபோனேன்.

இரண்டு கிழமை ஓடியது. அன்றைக்கு ஏற்றியது ஏழு மூட்டைச் சீமெந்து, 350 கிலோ. எங்கள் லோடர் தாங்கக்கூடிய பாரம்தான். பின்னுக்கு எடைக்கல்லும் கட்டியிருந்தது. யார்டுக்குள் ஒரு சின்னக் குழியில் முன்சில்லு இறங்கி ஏறியது. டக்கென்று ஒரு சத்தம், இடது போர்க் மடிப்போடு முறிந்து விழுந்தது. மூட்டைகள் அந்தத் தம்பி நின்ற பக்கம் சரிந்தன. அவன் பின்னுக்குப் பாய்ந்த வேகத்தைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முறிந்த துண்டைத் திருப்பிப் பார்த்ததும் விளங்கியது. அது போர்க்லிப்ட் போர்க்கே இல்லை. சாதாரண தட்டை இரும்பு இரண்டை எல் வடிவில் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டும் விளிம்பைச் சரிவாகச் சீவி உள்ளே வரை நிரப்பவும் இல்லை. மேலால் மட்டும் ஒரு வெல்டிங் ஓட்டம், அதைக் கிரைண்டரால் தேய்த்து, பள்ளத்துக்குப் பட்டி பூசி, அதன் மேல் பெயின்ட். 25 மில்லிமீற்றர் தடிப்பில் உண்மையில் பிடித்துக்கொண்டிருந்தது மூன்று, நான்கு மில்லிமீற்றர். முறிந்த முகத்தில் பாதி ஏற்கனவே துருப்பிடித்துக் கிடந்தது. அதாவது முதல் நாட்களிலேயே வெடித்துவிட்டது, பெயின்டுக்குக் கீழே எங்களுக்குத் தெரியவில்லை.

போர்க்கின் முழுப் பாரமும் வந்து விழுகிற இடம் அந்த மடிப்பு. அசல் போர்க் ஒரே இரும்பு. காய்ச்சி மடித்து, பிறகு சூடேற்றிக் குளிரவைத்து உரம் ஏற்றியது. அந்த மடிப்பில் யாராவது பிறகு வெல்டிங் வைத்தாலே அந்த உரம் போய்விடும். ஆகவே மடிப்பில் ஒட்டு இருந்தால், எவ்வளவு நல்ல கைகாரர் ஒட்டியிருந்தாலும், வாங்க வேண்டாம். அசல் போர்க்கின் பக்கவாட்டில் தாங்கும் பாரமும் பாரமையத் தூரமும் (போர்க்கின் நிமிர்ந்த பகுதியிலிருந்து பாரத்தின் நடு வரை உள்ள தூரம்) குத்தியிருக்கும். எங்களுடையதில் ஒன்றும் இல்லை. நான் தேடவும் இல்லை, அது என் பிழை. அசலாக இருந்தாலும் தேய்ந்திருக்கலாம். கலிப்பர் கொண்டுபோய், தேயாத நிமிர்ந்த பகுதியின் தடிப்பையும் மடிப்புப் பக்கத்துத் தடிப்பையும் அளந்து பாருங்கள். 40 மில்லிமீற்றர் 36 ஆகியிருந்தால் கழிக்க வேண்டியதுதான். தடிப்பில் பத்தில் ஒன்று போனால் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று போய்விடும்.

துண்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அன்பெல்லாம் காணாமல் போயிருந்தது. "நீங்க கூடப் பாரம் ஏத்தியிருப்பீங்க" என்றார். அசல் போர்க் எங்கே என்று கேட்டதற்கு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார். பில் இல்லாததால் என்னால் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துவிட்டு, முற்பணம் அனுப்பிய வங்கிச் சிட்டையையும் படங்களையும் வைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒரு சதமும் திரும்பி வரவில்லை.

சட்டம் மட்டும் உருப்படியாக இருந்தது. அதன் பெயின்டை முழுக்கச் சுரண்டி, ஒட்டுகளைத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, இரண்டு இடத்தில் திரும்ப வெல்டிங் அடித்தோம். போர்க் ஒரு சோடி கழித்த போர்க்லிப்டிலிருந்து நாங்களே நின்று கழற்றி வாங்கினோம். அதற்கு நாங்கள் பெயின்ட் அடிக்கவில்லை. ஒவ்வொரு திங்களும் காலையில் அந்தத் தம்பியே மடிப்பைத் துணியால் துடைத்து டோர்ச் அடித்துப் பார்க்கிறான். அவன் சரி சொன்ன பிறகுதான் டிராக்டரை ஸ்டார்ட் பண்ணுகிறோம்.