மிக்-21 காக்பிட்: எதைக் காசு கொடுத்து வாங்கலாம், எதைக் கையால் செய்யலாம்?

1/32 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்காக, மிக்-21 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நிஜ விமானத்தின் இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 7.15 மீட்டர். என் மேஜையில் அது 22 சென்டிமீட்டர் சொச்சம். 1963-ல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அந்தச் செய்தியைப் பார்த்த வாரத்தில்தான் தண்டையார்பேட்டை வீட்டுப் பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த பெட்டியை இறக்கினேன்.

இவ்வளவு பெரிய அளவில் கட்டும்போது மாடலின் உயிர் விமானி உட்காரும் காக்பிட்டில்தான் இருக்கிறது. 1/72-ல் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் இருட்டும் ஒரு சீட்டும் தெரியும், அதோடு சரி. 1/32-ல் கதையே வேறு. நிஜத்தில் 80 மில்லிமீட்டர் இருக்கும் டயல் இங்கே இரண்டரை மில்லிமீட்டர். தோள் பெல்ட் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். இரண்டும் வெறும் கண்ணுக்கே தெரியும். கிட்டோடு, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வரும் மொட்டைச் சுவரும் அப்படியே தெரியும்.

இதைச் சரிசெய்ய ஐந்து வழிகள் உண்டு. பித்தளைத் தகட்டில் அரித்து எடுத்த எட்ச் செட், ரெசின் என்ற பிசினில் வார்த்த முழு காக்பிட், மேடு பள்ளத்தோடு அச்சடித்த, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் முப்பரிமாண டீக்கல், பாகங்களை வீட்டிலேயே அச்சடிக்கும் ரெசின் பிரிண்டர், அப்புறம் பிளாஸ்டிக் ஷீட்டும் கம்பியும் வைத்துக் கையால் செய்வது. ஐந்தையும் ஏதாவது ஒரு மாடலில் செய்து பார்த்துவிட்டேன். ஆனால் "எது நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. "காக்பிட்டின் எந்த இடத்துக்கு?" என்று கேட்டால் சொல்ல முடியும்.

முதலில் எந்த இடம் கண்ணில் படுகிறது என்று பார்த்துவிடுவோம். மிக்-21-ன் ஆரம்ப வகைகளில் காக்பிட்டின் கண்ணாடி மூடி முன்பக்கமாகத் தூக்கும். எம்எஃப், பிஸ் போன்ற பின்னாள் வகைகளில் அது வலப்பக்கக் கீலில் சாய்ந்து திறக்கும். மூடியைத் திறந்து வைத்தால், பார்க்க வருகிறவர் இடப்பக்கமிருந்துதான் எட்டிப் பார்ப்பார். அப்போது எதிரே தெரிவது வலது சுவரும், வலது பக்க மேடையில் இருக்கும் சுவிட்ச் வரிசையும்தான். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரை பெரிய கேஎம்-1 சீட் மறைத்துவிடும். இடது சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் திறந்த மூடிக்கு மேலே தலையை நீட்ட வேண்டும். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால், பழைய மாடல் ஒன்றில் மூன்று வாரத்தை இடது சுவரிலேயே செலவழித்திருக்க மாட்டேன்.

சரி, விமானிக்கு எதிரே டயல்கள் இருக்கும் பலகையான பேனலிலிருந்து தொடங்குகிறேன். இந்த இடத்தில் கை வேலை தோற்றுப் போகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிஜ பேனலின் படத்தைச் சிறிதாக்கி, ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு கடையில் அச்சடித்துப் பார்த்தேன். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இரண்டரை மில்லிமீட்டர் டயலுக்குக் குறுக்கே வெறும் முப்பது புள்ளிதான் விழுகிறது. முள்ளும் எண்ணும் சேர்ந்து சாம்பல் மங்கலாகிவிட்டன. 1200 டிபிஐ-யில் அதே குறுக்களவுக்கு 118 புள்ளி கிடைக்கிறது, அது பரவாயில்லை. அதன் முன்னால் துளை போட்ட பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்து, ஒவ்வொரு டயலிலும் ஒரு சொட்டு யுவி ரெசின் விட்டால் கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் இருபது முப்பது துளையும் மையம் தப்பாமல் வர வேண்டுமே. ஒன்று விலகினாலும் மொத்த பேனலும் கோணலாகத் தெரியும்.

ரஷ்யாவின் குவின்டா, செக் நாட்டின் எடுவார்ட் ஆகியோரின் முப்பரிமாண டீக்கல்கள் இதில் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன. டயல் விளிம்பு மேடாக இருக்கிறது, எழுத்து கூர்மையாக இருக்கிறது, கண்ணாடிப் பளபளப்பும் கூடவே வந்துவிடுகிறது. தண்ணீரில் ஊறவைத்து, கிட் பேனலின் மேட்டையெல்லாம் அரத்தால் வழித்துவிட்டு ஒட்டினால் ஒரு மாலை வேலை. வண்ணம் அச்சடித்த எட்ச் பேனலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது தகடு. பக்கவாட்டில் பார்த்தால் தட்டை என்பது தெரிந்துவிடும். பேனலுக்கு நான் டீக்கல் பக்கம்தான்.

விலையையும் சொல்ல வேண்டும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. சுங்கப் பட்டியலில் ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளோடு 9503 என்ற அதே தலைப்பில்தான் வருகின்றன. கிட் வாங்கவே கை கடிக்கும்போது, காக்பிட்டுக்கு மேலும் மூன்று செட் வாங்குவது எல்லோருக்கும் ஆகிற காரியமா? அதனால்தான் எந்த ஒன்றுக்குக் காசு போட வேண்டும் என்பதை இவ்வளவு யோசிக்கிறேன்.

ரெசின் முழு காக்பிட் பெட்டியைத் திறந்ததும் மனதை மயக்கும். சுவர், தரை, சீட் என்று எல்லாம் ஒன்றாக வரும், வார்ப்பின் நுணுக்கம் அபாரமாக இருக்கும். சிக்கல் வேறு இடத்தில். கிட்டின் பிளாஸ்டிக் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். 32-ஆல் பெருக்கினால் 48 மில்லிமீட்டர், கோட்டைச் சுவர் போல. நிஜ விமானத்தின் தோல் அதில் ஒரு சின்னப் பங்கு கூட வராது. அந்தத் தடிமனுக்குள் ரெசின் தொட்டி உட்கார வேண்டுமென்றால், உடல் பகுதியை உள்ளிருந்து தேய்த்துத் தேய்த்து மெலிதாக்க வேண்டும். வேறொரு ஜெட் மாடலுக்கு நான் வாங்கிய ரெசின் செட், உடலை விட ஒரு மில்லிமீட்டர் அகலமாக இருந்தது. வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்த்தேன், கடைசியில் காக்பிட் விளிம்பில் விரிசல் விட்டது. தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் கட்டாயம். சீட்டை மட்டும் தனியாக ரெசினில் வாங்குவது எனக்குச் சம்மதம். முழுத் தொட்டி வேண்டாம்.

வீட்டு பிரிண்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரம்பூரில் நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார், எனக்கும் சில கைப்பிடிகளை அச்சடித்துக் கொடுத்தார். ஒரு அடுக்கு 0.05 மில்லிமீட்டர், நிஜ அளவில் 1.6 மில்லிமீட்டர். அந்த நேர்த்திக்கு முன் குறை சொல்ல முடியாது. ஆனால் உறையாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், ஸ்பிரிட்டில் கழுவ வேண்டும், வாடையும் போகாது. அவருக்கு மொட்டைமாடி அறை இருக்கிறது. ஒண்டுக்குடித்தனத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்ய மாட்டேன்.

இப்போது வலது சுவருக்கு வருகிறேன். கை வேலை ஜெயிப்பது இங்கேதான்.

எட்ச் செட்டில் சுவிட்ச்கள் தட்டைத் தகடாக வரும். நேராகப் பார்த்தால் சரி, சாய்த்துப் பார்த்தால் காகிதம் வெட்டி நிறுத்திய மாதிரி இருக்கும். நிஜ சுவிட்சின் குமிழ் உருண்டை. அதற்குக் கம்பிதான் சரி. டி.எச். ரோட்டில் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை ஒன்றில் போய்க் கேட்டேன்.

"அண்ணே, 36 நம்பர் கம்பி ரெண்டு மீட்டர் கெடைக்குமா?"

"ரெண்டு மீட்டரா? அதுல என்னப்பா மோட்டார் கட்டுவ?"

விஷயத்தைச் சொன்னதும், தரையில் கிடந்த துண்டுக் கம்பிகளைப் பொறுக்கி, விரலில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. 36 நம்பர் கம்பி 0.19 மில்லிமீட்டர். 32-ஆல் பெருக்கினால் ஆறு மில்லிமீட்டர், ஒரு சுவிட்ச் குமிழின் தடிமன் அதுதான். 30 நம்பர் 0.315 மில்லிமீட்டர், சுவரில் ஓடும் ஒயர் கட்டுக்குப் பொருத்தம். பளபளக்கும் வார்னிஷ் பூச்சு இருக்கும், அதை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால்தான் பெயின்ட் பிடிக்கும்.

செய்முறை இதுதான். கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் பென்சிலால் கோடு இழுத்து, மெல்லிய டிரில் பிட்டால் வரிசையாகத் துளை போட வேண்டும். பிட்டைப் பிடிக்கும் கைத் துரப்பணம், கூர்முனைச் சாமணம், பொடி அரம் எல்லாம் சௌகார்பேட்டையில் நகை வேலைக்காரர்கள் வாங்கும் கடைகளில் கிடைக்கும். மாடல் கடையில் வாங்குவதை விட உறுதியானவை. துளையில் கம்பியை நுழைத்து, பின்பக்கம் பசை வைத்து, முன்பக்கம் 0.6 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்த நுனியில் ஊசியால் ஒரு துளி வெள்ளைப் பசையைத் தொட்டு வைத்தால் அது காய்ந்து சின்ன உருண்டையாக நிற்கும். அதன் மேல் வெள்ளை பெயின்ட். எல்லாக் குமிழையும் ஒரே பக்கம் சாய்க்காமல் இரண்டை மட்டும் கீழே தள்ளி வைத்தேன். அப்போதுதான் யாரோ உட்கார்ந்து எழுந்த காக்பிட் மாதிரி ஆனது. வலது மேடை முழுக்க முடிய ஐந்து மாலைகள் ஆயின.

ஷீட்டுக்கு அமெரிக்காவின் எவர்கிரீன்தான் தரம். கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். ஐஸ்கிரீம் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், கிட் செய்யும் அதே பிளாஸ்டிக். மாடல் பசை அதைக் கரைத்து ஒட்டும். 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன், பசை வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். பாகங்கள் ஒட்டி வரும் கிட் சட்டத்தை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் தலைமுடி அளவு இழை வரும், மெல்லிய குழாய்களுக்கு அதுவே போதும். விமானத்தை ஓட்டப் பிடிக்கும் ஸ்டிக்கின் முன்னால் பிரேக் லீவர் ஒன்று உண்டு. மிக்-21-ல் பிரேக்கைக் கையால் பிடிப்பார்கள். கிட்டில் அது ஸ்டிக்கோடு ஒட்டிய புடைப்பாக இருந்தது. சுரண்டிவிட்டு 30 நம்பர் கம்பியை வளைத்து வைத்தேன், ஐந்து நிமிஷ வேலை.

சீட் பெல்ட்டில் எட்ச் செட்டுக்கும் கைக்கும் சரிபாதி. பித்தளை பெல்ட் விறைப்பாக நிற்கும், எவ்வளவு வளைத்தாலும் துணி மாதிரி தொங்காது. மாஸ்கிங் டேப்பை ஒன்றரை மில்லிமீட்டர் கீற்றாக வெட்டி, இரண்டை முதுகோடு முதுகு ஒட்டி, விரலால் கசக்கினால் இயல்பாக மடிந்து சீட் மேல் விழும். ஆனால் பக்கிள் எட்ச்தான். அந்த நுணுக்கத்தைக் கம்பியில் வளைத்து என்னால் கொண்டுவர முடியவில்லை.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எந்த வழியில் போனாலும் இதில் தவறினால் எல்லாம் வீண். சோவியத் காக்பிட்டின் அந்த நீலப்பச்சையை வெளிநாட்டு பெயின்ட் எண்களில் தேடிச் சலித்தேன். அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றைப் பார்த்ததும் தெளிவு வந்தது. அது நம் ராமர் பச்சை. எம்.சி. ரோட்டில் எந்தப் புடவைக் கடையில் கேட்டாலும் எடுத்துப் போடுவார்களே, அதே குடும்பம். கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிற வைத்தால் மாடலுக்குப் பொருந்துகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாங்கிய டீக்கலில் அச்சான நிறமும் நீங்கள் சுவரில் அடிக்கும் நிறமும் ஒத்துப்போக வேண்டும். டீக்கலை முதலில் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துச் சுவருக்கு நிறம் கலக்குங்கள். மாற்றிச் செய்தால் பேனல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

டீக்கல் வாங்குவதற்கு முன் கையால் செய்த என் முதல் பேனலை எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். விமானப்படையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மாடலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். டயலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தம்பி, நடுவுல வெள்ளைக் கோடு எங்க?"

மிக்-21 பேனலின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. விமானம் கட்டுப்பாடு இழந்து சுழன்றுகொண்டே விழுந்தால் ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேராக வைத்து முன்னால் தள்ள வேண்டும். தலை சுற்றும் வேளையில் நடு எது என்று கைக்குத் தெரிவதற்காகப் போட்ட கோடு அது. டயல்களின் மையத்துக்காக நான் நாள் கணக்கில் மல்லுக்கட்டியிருந்தேன். காக்பிட்டில் உட்காரும் ஆளின் உயிரைக் காப்பதற்காக வரைந்ததை விட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் பேனலை வாங்கிக்கொள்வது, மிச்சமாகும் நேரத்தை இப்படிப்பட்டவற்றில் போடுவது என்று முடிவெடுத்தேன்.

ஆக, என் மேஜையில் இப்போது இருப்பது கலவைதான்: டீக்கல் பேனல், எட்ச் பக்கிள், மற்றதெல்லாம் கம்பியும் ஷீட்டும் டேப்பும். ஒரே ஒரு செட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் டீக்கலை வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் கிட் பேனலுக்கே கறுப்பு அடித்து, மேட்டின் மேல் வெள்ளைப் பென்சிலை உரசி, டயல்களில் பளபளப்பு விட்டு, வலது சுவரில் முழு உழைப்பையும் போடுங்கள். பார்க்கிறவர் கண் சுவரில்தான் நிற்கும்.

கடைசியாகக் கண்ணாடி. கடற்காற்று அடிக்கும் நம் பக்கத்தில், உடனடிப் பசையின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். மூடிக்குப் பக்கத்திலேயே அதைக் கொண்டுபோகாதீர்கள். காக்பிட்டுக்குள் அந்தப் பசையில் ஒட்டியதையெல்லாம் ஒரு ராத்திரி திறந்தே காயவிட்டு, முன் கண்ணாடியை மறுநாள் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். திறக்கும் மூடியை ஒட்டவே வேண்டாம். வலப்பக்கம் சாய்த்து, 26 நம்பர் கம்பியில் ஒரு முட்டுக் கொடுத்தால் நிற்கும்.